கொண்டல் வரைக்கும்

சிலுவைத்துறையில் போய் உங்கள் ஊர் உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடலிலிருந்து என்பார்கள், மாதா கொடுத்தது என்பார்கள், சங்கத் தலைவர் பெர்க்மான்ஸ் மச்சாதின் ஊக்கத்தால் வந்தது என்றுகூடச் சொல்வார்கள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் இந்தக் கதை. அந்த உப்பு ஒரு தலைமுறைக் காலம் பெர்க்மான்ஸின் அக்கா இம்மாக்குலேட்டின் விரல்களிலிருந்து வந்தது, அவள் இயற்றிய இசையிலிருந்து வந்தது, அதை விற்றுத்தான் அங்கே மாடி வீடுகள் எழும்பின, கோயிலுக்குப் புது மணி வந்தது, பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள், ஆனால் அந்த இசையை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டவர் அங்கே ஒருவர்கூட இல்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதி வேறு வைத்திருக்கிறார்கள்.

இம்மாக்குலேட்டின் அப்பா சந்தியாகு மச்சாதுக்கு ஒரு தோணியும் கொஞ்சம் உப்பளமும் இருந்தன. கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக் கொழும்புக்குப் போன தோணி ஒரு முறை திரும்பி வந்தபோது, வீட்டைக் காலி செய்து கப்பலேறிய ஒரு துரை குடும்பம் வாசலில் விட்டுப்போன பியானோவைப் பாய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியது, கரையில் நின்றவர்கள் அதை யாருடைய சவப்பெட்டியோ என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள், இரண்டு பெண்கள் ஒப்பாரியையே ஆரம்பித்துவிட்டார்கள். மூடியைத் திறந்து ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்த குழந்தை இம்மாக்குலேட் அன்று சாப்பிட வரவில்லை, மறுநாளும் வரவில்லை, கடைசியில் சோற்றை அங்கேயே கொண்டுபோய் ஊட்ட வேண்டியதாயிற்று. கான்வென்ட் மதர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இனிமேல் என்னிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். கோயில் ஆர்கனும் கல்யாண மார்ச்சும் அடக்கப் பாட்டும் அவள் கைக்கு வந்து சேர்ந்தன. ஊரான் எழுதியதை அவள் வாசித்த வரைக்கும் ஊருக்கு அவளைப் பற்றிப் பெருமைதான்.

ஆனால் அவள் காது காற்றில் இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்: மேற்கிலிருந்து வறண்டு அடிப்பது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கடலிலிருந்து மழையைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது கொண்டல். இந்த நாலையும் வைத்து அவள் பியானோவுக்கு ஒரு பெரிய உருப்படி இயற்றினாள், அதற்கு 'நாலு காத்து' என்று பேர் வைத்தாள், அதை எழுதி முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாண வயசு தாண்டிவிட்டது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கச்சானில் இடது கை அடியில் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்க, வலது கை உச்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழுதியைத் தூவும். சோழகத்தில் இரண்டு கையும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போகும். வாடையில் ஒரு சுரம் அடங்குவதற்குள் இன்னொன்று அதன் மேல் ஏறி, எதுவும் முடியாமல் எல்லாம் நடுவானில் நிற்கும். அப்படி நிற்பதையெல்லாம் கடைசியில் கொண்டல் வந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கும். கடைசியில் அவிழ்ப்பதற்காகத்தான் முதல் மூன்றையும் அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தாள்.

அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனாள். அங்கே மேற்கத்திய இசைக்கு ஒரு கழகம், அந்தக் கழகத்துக்கு ஒரு பெரிய மனிதர், பேர் டாக்டர் நோயல் துரைசிங், வெளிநாட்டில் படித்தவர், யார் மேடையேறலாம் யார் ஏறக் கூடாது என்பதை அவர் புருவம்தான் முடிவு செய்யும். அவள் கச்சானில் பாதி வாசித்திருக்கும்போது அவர் கையை உயர்த்தினார்.

"போதும்மா. எந்த ஊரு நீங்க?"

"சிலுவைத்துறை சார். தூத்துக்குடிக்குத் தெக்க."

"பாதி ஐரோப்பாவுல யாரோ ஏற்கெனவே எழுதினது. மீதிப் பாதி உங்க ஊர் மீன் மார்க்கெட் சத்தம். இதுல உங்களுது எதும்மா?"

"கொண்டல் வரைக்கும் கேளுங்க சார். கேட்டுட்டுச் சொல்லுங்க."

"டீ நேரம்," என்றார் நோயல் துரைசிங், எழுந்து போய்விட்டார்.

டீ நேரம்! ஒரு மனுஷி தன் வாழ்நாளில் பாதியைக் கரைத்து எழுதியதைவிட அந்த மனிதருக்கு ஒரு கிளாஸ் டீ பெரிதாகப் போயிற்று, அந்த டீ அவருக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ. இம்மாக்குலேட் ரயிலேறி ஊருக்கு வந்தாள், பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக் கொடுத்தாள், எல்லாருக்கும் டீச்சரானாள், அப்பா இறந்தார், தோணி விலைபோனது, உப்பளம் தம்பி பெர்க்மான்ஸின் கைக்கு வந்தது. தம்பி நல்லவன்தான், அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பான், அவள் பியானோவின் மேல் யாரையும் சட்டை காயப்போட விடமாட்டான், காது மட்டும் அவனுக்குக் கடவுள் கண்ணாடி மாட்டுவதற்காகக் கொடுத்தது.

அப்புறம் ஒரு மாதா திருவிழாவில், கோயில் மண்டபத்தில், பள்ளிப் பிள்ளைகளின் நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே கொஞ்சம் நேரம் மிஞ்சியபோது, யாரையும் கேட்காமல் அவள் தன்னுடைய கச்சானை வாசித்தாள், வாசிக்க வாசிக்க மண்டபத்தில் இருந்த தண்ணீரெல்லாம் உப்பாயிற்று. டம்ளரில் இருந்தது கல் கல்லாகக் கட்டி நின்றது, தண்ணீர் தொட்டுச் சீவிய பிள்ளைகளின் தலையில் வெள்ளை பூத்தது, வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் விட்டவருக்கு விரல் நுனியில் உப்புத்தான் ஒட்டியது. பங்குச் சாமியார் தன் சோடாப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, யார் இதில் உப்பைப் போட்டது என்று உபதேசியாரைக் கேட்டார், உபதேசியார் டீக்கடைக்காரரைத் திட்டினார், டீக்கடைக்காரர் தண்ணி லாரிக்காரனைத் திட்டினார். பாதிப் பேர் கிணற்றைப் பார்க்க ஓடினார்கள். பெர்க்மான்ஸுக்கு என்ன தோன்றியதோ, நேராக உப்பளத்துக்கு ஓடினான், ஓடினவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"அக்கா! காலையிலதான் தண்ணி விட்டேன், பாத்தி பூரா வெளஞ்சு கெடக்கு!"

"எப்பிடி இருந்துச்சுல?"

"கல்லு கல்லா, வெள்ளை வெளேர்னு..."

"நான் வாசிச்சது எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"அத யாருக்கா கேட்டா?" என்றான் பெர்க்மான்ஸ், கள்ளமில்லாமல்.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தோடு பழகிய வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு வாரம் வாயைப் பிளந்தார்கள், அடுத்த வாரம் எலுமிச்சங்காய் ஜாடியை அவள் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். மீன்காரிகள் கருவாட்டுக் கூடையைச் சுவர் ஓரமாகச் சாய்த்துவிட்டு, "டீச்சரம்மா, ரெண்டு வரி வாசிங்களேன்" என்றார்கள், மீன் நனைந்தபடியே உப்பேறிப் போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலிலேயே அவளை நிறுத்தி, "ஒங்க பாட்டு வேண்டாம் டீச்சர், பாயசம் கெட்டுரும், வெள்ளக்காரன் பாட்டே வாசிங்க" என்று கெஞ்சினார்கள். துட்டி வீட்டுக்கு அவளைக் கூப்பிடுவதையே விட்டார்கள், ஏனென்றால் ஒரு முறை அவள் அடக்கத்துக்குத் தானே ஒரு பாட்டைக் கட்டி வாசித்து, அழுதவர்களின் கண்ணீர் கன்னத்திலேயே கல்லாகி, வெந்நீர் வைத்துக் கழுவ வேண்டியிருந்தது, இறந்தவரின் மகள் அதற்காக அவளோடு வெகுநாள் பேசவில்லை.

எதனால் இப்படி நடக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாதாவின் கருணை என்றார் சாமியார். கடல் கடந்து வந்த மரம், அதில் ஏதோ இருக்கிறது என்றார்கள் தோணிக்காரர்கள். நம்ம ஊர்த் தண்ணீரே அப்படி என்றது உப்பு உற்பத்தியாளர் சங்கம். அவள் அவர்களை உட்கார வைத்து, பெரிய பெரிய வெளிநாட்டு மேதைகளின் உருப்படிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள், வாளித் தண்ணீர் வாளித் தண்ணீராகவே கிடந்தது. தான் எழுதியதில் கொஞ்சம் வாசித்தாள், வாளியில் உப்பு நின்றது. இதைவிட ஒரு மனுஷி என்ன செய்து காட்ட முடியும்? இது ஐரோப்பாவில் யாரும் எழுதாதது, இவள் எழுதியது, இவளுடையது என்று தண்ணீருக்குத் தெரிந்திருந்தது. மனிதர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சங்கம் உப்பளத்தின் நடுவே தகரக் கொட்டகை ஒன்று போட்டது, இசைக் கொட்டகை என்று போர்டு வைத்தது, உனக்காகத்தான் அக்கா என்று சொல்லி பெர்க்மான்ஸ் வீட்டுப் பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே வைத்தான். தினமும் காலையில் அவள் வாசிப்பாள், ஒலிபெருக்கிக் குழாய்கள் அதை வரப்பு வரப்பாகக் கொண்டுபோகும், பாத்திகள் நிரம்பும், விசில் ஊதும், அளத்துப் பெண்கள் பலகையை எடுத்து வாருவார்கள், அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து பனை ஓலை மூடிக்கொண்டு உப்பு நிற்கும். விசில் ஊதியதும் கொட்டகைக்காரன் மைக்கை அணைத்துவிடுவான். கச்சானிலேயே பாத்திகள் நிரம்பிய நாளில் அது கச்சானில் அணையும், கூடிப்போனால் சோழகத்தில் அணையும்.

கொண்டல் என்ன செய்யும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பியானோ வீட்டில் இருந்த காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நாலு காற்றையும் ஒரு மூச்சில் வாசித்திருக்கிறாள், முதல் மூன்றில் வாளியில் கட்டி நின்ற உப்பு நாலாவதில் இளகி, தெளிந்து, குடிக்கிற தண்ணீராக அசைந்ததைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை, இசை கேட்டுக்கொண்டது அதைத்தானே. மறைக்கத் தெரியாதவள், தம்பியிடம் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் கேட்டா எல்லாம் திரும்பத் தண்ணியாயிரும் பெர்க்கு. அதுதான் அதோட முடிவு."

பெர்க்மான்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்போ அத மட்டும் வாசிக்காத."

"அது இல்லன்னா மத்தது எதுவுமே இல்லல."

"யாருக்கு இல்ல? அம்பாரம் நிக்கில்லா வெளிய."

அவளும் வற்புறுத்தவில்லை. தம்பி பிள்ளைகளின் சோறு அதில் இருந்தது, அப்பாவின் அளம் அது, அதை அழிக்க அவளுக்கும் மனசில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, முதலிலிருந்து கொண்டல் வரைக்கும் கேட்டால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள், அதற்குள் உப்பு கரைந்தால் மறுநாள் மறுபடி வாசித்துக் கொடுத்துவிடலாமே என்று கணக்குப் போட்டாள். எத்தனை சின்ன ஆசை பாருங்கள். அந்த ஒருவர் கிடைக்கவில்லை.

கிடைத்தது போல ஒருவர் வந்தார். உப்பு இசை என்று பேப்பரில் படித்துவிட்டு டாக்டர் நோயல் துரைசிங் காரில் வந்து இறங்கினார், தலை நரைத்திருந்தது, கையில் ஒலிப்பதிவுக் கருவி, பேச்சில் தேன். அவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது, அவருக்கு அவளைத் தெரியவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், கச்சானைக் கேட்டார், சோழகத்தைக் கேட்டார், வாடையைக் கேட்டார், இதோ வந்துவிட்டது என்று கொண்டலின் முதல் கட்டைக்கு அவள் கை போனபோது, அவர் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டிரெயினுக்கு நேரமாச்சும்மா. அற்புதம்."

"சார், இன்னும் கொண்டல் பாக்கி இருக்கு."

"அடுத்த தடவை," என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிற்பாடு ஒரு மத்தியான வேளையில் செல்லக்கனி கொட்டகைக்கு வந்தாள். அளத்தில் உப்பு வாருகிறவள், இம்மாக்குலேட்டின் வயசு, அதுவரை கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. உள்ளே ஏறாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாம கேளுங்க. முன்னால ஒரு பாத்தி வெளைய நாள் கணக்கா கெடக்கும், நாங்களும் கால ஆத்திக்கிடுவோம். இப்ப வாரி முடிச்சுத் திரும்புனா முதுகுக்குப் பின்னால மறுபடியும் வெளஞ்சு நிக்கி. கூலி அதே கூலிதான். வேல முடியவே மாட்டேங்கு." அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள், வெள்ளையாகத் தடித்துப் பிளந்து, மேலே உப்பு ஓடு கட்டியிருந்தது. "செத்தா சுடுகாட்டுல அளத்துக்காரி காலு வேகாதுன்னு சொல்லுவாவ. எங்களுக்கு உசுரோட இருக்கும்போதே இப்பிடித்தான்."

இம்மாக்குலேட் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், எழுதுகிறவளுக்கே உள்ள ஆசை, கேட்காமல் இருக்க முடியவில்லை. "பாட்டு எப்பிடி இருக்கு செல்லக்கனி?"

"நல்லாத்தான் ஆரம்பிக்கி. முடிய விடமாட்டேங்காவளே. பாதியில நின்ன தும்மல் மாதிரி நெஞ்சுலயே நிக்கி."

அவ்வளவு வருஷத்தில் அவளுடைய இசையைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒருநாள் முடிச்சுக் காட்டுதேன்," என்றாள். "நீ உக்காந்து கேக்கணும்."

மறுநாளிலிருந்து அவள் வாசிக்கவில்லை. பெர்க்மான்ஸ் கெஞ்சினான், சங்கத்துக்காரர்கள் பழக்கூடையோடு வந்தார்கள், சாமியார் பிரசங்கத்தில் எசமான் கொடுத்த தாலந்துப் பணத்தைப் பயன்படுத்தாமல் புதைத்து வைத்த ஊழியக்காரனைப் பற்றிப் பேசினார். அவள் அசையவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவளுடைய கச்சானை அவர்கள் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதிலும் முழுசாகக்கூட இல்லை, உப்பு வேகமாக விளைகிற முதல் துண்டை மட்டும் வெட்டி, அதன் வாலையும் தலையையும் ஒட்டி, முடிந்த இடத்திலேயே ஆரம்பிக்கிற மாதிரி செய்திருந்தார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை குழாய்களில் அந்தத் துண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சொந்தப் பிள்ளையின் கையை மட்டும் வெட்டி எடுத்து வேலை வாங்கினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அவள் ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டுல!"

"நீ வாசிக்கத நிப்பாட்டலாம்க்கா," என்றான் பெர்க்மான்ஸ், அவள் கையை மெதுவாக விலக்கியபடி. "வாசிச்சத எப்பிடி நிப்பாட்டுவ?"

கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சங்கத்தில் வைத்துக்கொண்டார்கள், அவள் கோபத்தில் பியானோவை ஏதாவது செய்துவிடுவாளாம். வீட்டில் பியானோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் நிறம் மாறிக் கிடந்தது. அவள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரலை வைத்துக் கொண்டலை வாசித்தாள், சத்தமில்லாமல், வருஷக்கணக்காக, தலை வெளுக்கிற வரைக்கும். மேசை விளிம்பு பள்ளம் விழுந்துபோனது. வெளியே அளத்தில் பெண்கள் அந்தத் துண்டுக் கச்சானுக்குள் குனிந்தே இருந்தார்கள், ஊர் செழித்தது, வெட்கம் என்ற ஒன்று யாருக்கும் வரவில்லை.

பிறகு செய்தி வந்தது: டாக்டர் நோயல் துரைசிங் இயற்றிய 'சமுத்திர கீதம்' வெளிநாட்டில் பரிசு வாங்கியிருக்கிறது, நம் கடற்கரையைப் பற்றியதாம், நம் ஊருக்கே வந்து வாசிக்க மனமுவந்து ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர் துள்ளிக் குதித்தது. இசைக் கொட்டகைக்குப் பூட்டைத் திறந்து வெள்ளையடித்தார்கள், சென்னையிலிருந்து ஆள் வந்து பழைய பியானோவுக்குச் சுருதி சேர்த்தான், எல்லாக் குழாய்களையும் மேடை மைக்கோடு இணைத்தார்கள், உப்பளத்தின் மூலை முடுக்கெல்லாம் கேட்க வேண்டும் என்று பெர்க்மான்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அளத்துப் பெண்களைக் கூட்டம் காட்டுவதற்காகப் பின்னால் தரையில் உட்கார வைத்தார்கள். விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்த யாரை வைப்பது என்று யோசித்து, ஊரில் இசை தெரிந்தவர் நம்ம டீச்சர்தானே, அவரே போர்த்தட்டும் என்று முடிவு செய்தார்கள். கேட்கும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, ஆனால் அவள் அதற்குச் சரி என்றாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நோயல் துரைசிங் மேடையேறி வாசித்தார். முதல் கட்டையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கச்சான் வந்தது, சோழகம் வந்தது, வாடை வந்தது, ஒரு கட்டை பிசகவில்லை, திருடனுக்கும் பயிற்சி வேண்டும், அவருக்கு அது இருந்தது. வாடையில் எல்லாம் நடுவானில் நின்ற இடத்தில், அதற்கப்புறம் என்ன என்று தெரியாததால், பத்து விரலாலும் பெரிதாக நாலு அடி அடித்து முடித்துவிட்டு எழுந்து நின்று வணங்கினார். மேடையில் இருந்த டம்ளர்களில் தண்ணீர் உப்பாகக் கட்டி நின்றது. வெளியே பாத்திகள் நுரைத்து வெளுத்தன. இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா, அந்த இசை யாருடையது என்று உப்பே எழுந்து நின்று சொன்னது, ஊரோ அந்த உப்பைப் பார்த்துவிட்டுக் கைதட்டியது. பெர்க்மான்ஸ் மைக்கைப் பிடித்துத் தழுதழுத்தான்:

"நம்ம ஊர்த் தண்ணிக்கு ஆள் தெரியும்! டாக்டர் ஐயா கை பட்டதும் எப்பிடி வெளஞ்சிருக்குன்னு பாருங்க! இப்ப ஐயாவுக்கு எங்க அக்கா பொன்னாடை போத்துவாங்க."

இம்மாக்குலேட் பொன்னாடையோடு மேடையேறினாள். நோயல் துரைசிங் பழகிய சிரிப்போடு தோளைக் குனிந்து கொடுத்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், பொன்னாடையை நாலாக மடித்து, பியானோ முக்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இன்னும் முடியல," என்றாள், மைக் அதை அளம் முழுக்கக் கொண்டுபோயிற்று. "டீயெல்லாம் பொறவு குடிக்கலாம். உக்காருங்க."

கொண்டல் ஒரே விரலில் ஆரம்பிக்கும். அந்த ஒரு விரல் வாடையில் நின்றுபோன சுரங்களில் ஒன்றைத் தொட்டு அவிழ்த்தது, பிறகு இன்னொன்றை, டம்ளரில் இருந்த உப்பு இளகியது, அடுத்த விரல் சேர்ந்தது, அம்பாரங்களின் மேல் கிடந்த பனை ஓலை மெல்ல உள்ளே இறங்கியது, யாரோ "ஐயோ, உப்பு!" என்று கத்தினார்கள், அவ்வளவுதான், நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கொட்டகை முழுக்க எழுந்து ஓடியது, முதலாளிகள் ஓடினார்கள், சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், மைக்செட்காரன் தன் பங்கு அம்பாரத்தைப் பார்க்க ஓடினான், அதனால் மைக்கை அணைக்க ஆளில்லை. நோயல் துரைசிங் காரைத் தேடி ஓடினார். அவர் இன்றைக்கும் மூன்று காற்றோடுதான் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார், நாலாவதை அவர் கேட்கவே இல்லை, பாதியில் எழுந்து போய்ப் பழக்கப்பட்டவர்.

அளத்துப் பெண்கள் ஓடவில்லை. ஓடிக் காப்பாற்ற அவர்களுக்கு அங்கே என்ன இருந்தது? காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கனியின் பாதத்தில் ஓடு கட்டியிருந்த உப்பு நீராகி விரலிடுக்கில் வழிந்தது, அவள் குனிந்து பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள், கையை விடாமலே மறுபடி மேடையைப் பார்த்தாள்.

வெளியே ஓடினவர்கள் கையால் அள்ளினார்கள், வேட்டியில் கட்டினார்கள், பானையில் போட்டு மூடினார்கள், மூடிய பானையிலும் தண்ணீர்தான் அசைந்தது. குழாய்கள் அவர்களை விடவில்லை. உப்புக்காக வரப்பு வரப்பாக அவர்களே நட்டு வைத்த குழாய்கள், எந்தப் பக்கம் ஓடினாலும் கொண்டல் அங்கே முன்னாலேயே போய் நின்றது. பெர்க்மான்ஸ் தன்னுடைய பெரிய அம்பாரத்தைக் கட்டிப் பிடித்தான், அது அவன் கைக்குள்ளேயே வடிந்து முழங்கால் அளவுத் தண்ணீராயிற்று, அவன் காலி ஓலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றான். அள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் நின்றான். நின்றதால் கேட்டான். பிறந்த நாளிலிருந்து அடுத்த அறையில் ஒலித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் அவன் காது உள்ளே விட்டது. கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் அவன் நகரவில்லை.

முதலில் வசவுதான் கேட்டது. பாவி, சண்டாளி, ஊரைக் கெடுத்தாளே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள், மண்ணும் ஈரமாக இருந்ததால் தூற்ற வரவில்லை. அப்படித் திட்டிக்கொண்டே எல்லாரும் கொட்டகைக்குத் திரும்பினார்கள், அவளை இழுத்து இறக்கத்தான் வந்தார்கள். முன்னால் பெர்க்மான்ஸ் வந்தான், இடுப்பு வரை நனைந்திருந்தான், கண்ணாடியைக் காணோம்.

"அக்கா," என்றான். அவனுக்கு வாய் கோணியது. "அந்த நிக்க இடமெல்லாம் ஒண்ணொண்ணா அவுருதே... அதெல்லாம் எதுல கட்டுனது? முன்னால என்ன வரும்?"

அதே கேள்வி தங்கள் நெஞ்சிலும் நிற்பது தெரிந்து, இழுக்க வந்தவர்கள் மேடைக்குக் கீழேயே நின்றார்கள். இம்மாக்குலேட் தம்பியைப் பார்த்தாள், அத்தனை வருஷக் கோபமும் அவள் முகத்தில் அப்படியே இருந்தது, ஒரு துளியும் அது கரைந்திருக்கவில்லை, கரையவும் வேண்டாம் என்று நான் சொல்வேன்.

"இப்பதான் அந்த ஆள் வாசிச்சான். நீ அங்க உப்பப் பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமா," என்றான் பெர்க்மான்ஸ்.

"அவன் வாசிச்சது கணக்குல சேராது. உக்காரு. எல்லாரும் உக்காருங்க. செல்லக்கனி, நீ முன்னால வா, நாற்காலியில உக்காரு. மொதல்ல இருந்து வாசிக்கப் போறேன். கொண்டல் வரைக்கும் எவனாவது எந்திரிச்சீங்க, தெரியும் சேதி."

செல்லக்கனி வந்து சங்கத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஈர உடையோடு, கிடைத்த இடத்தில், சேறும் தண்ணீருமாக உட்கார்ந்தார்கள். இம்மாக்குலேட்டின் இடது கை அடிக்கட்டையைத் தட்ட ஆரம்பித்தது, வலது கை உச்சியில் புழுதியைத் தூவியது, கச்சான் எழுந்தது. வேட்டி நுனிகளில், சேலைக் கரைகளில், தரையில் தேங்கிய தண்ணீரில், அவர்கள் கணுக்காலைச் சுற்றி உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து ஏறியது.

ஒருத்தரும் குனியவில்லை.